எந்தப் படலையால் வந்தனீங்கள்?

யுனிக்ஸ், லினக்ஸ் இயந்திரங்களைப் பராமரிப்பவனுக்கு அதிகம் வரும் முறைப்பாடு ஒன்றுதான்: "கட்டளை இல்லை எண்டு சொல்லுது." திரையில் 'கொமாண்ட் நொட் ஃபவுண்ட்' என்று ஒரு வரி நிற்கும். அதைக் கண்டவுடன் பலர் அந்த மென்பொருளைத் திரும்ப நிறுவுவார்கள். நிறுவியும் அதே வரி வரும். பிறகு இயந்திரத்தையே அழித்துப் புதிதாகப் போட்டவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்கள் தேடிய நிரல் வன்தட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல் அந்த இடத்தில் தேடவில்லை, அவ்வளவுதான்.

எங்கெங்கே தேட வேண்டும் என்ற பட்டியலைத்தான் 'பாத்' என்கிறோம். அது ஒரு சூழல் மாறி. அடைவுகளின் பெயர்களை முக்காற்புள்ளி போட்டுப் போட்டு ஒரே வரியில் எழுதியிருக்கும். /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின், அடுத்து /யூஎஸ்ஆர்/பின், அடுத்து /பின் என்று அந்த வரி நீளும். பார்க்க அற்பமான வரி. ஆனால் ஒரு பயனர் என்ன செய்ய முடியும், எந்த நிரலை நம்பி ஓட்டுகிறார் என்பதை அந்த வரிதான் தீர்மானிக்கிறது. இத்தனை காலம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டுச் சொல்கிறேன்: ஒரு சேர்வரை ஒப்படைத்தால் நான் முதலில் பார்ப்பது கடவுச்சொற்களை அல்ல, முழு அதிகாரமும் உள்ள பயனரான ரூட்டின் பாத்தை.

முறைப்பாட்டோடு வருபவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் படலையால் உள்ளுக்கு வந்தனீங்கள்?" என்பது. எங்கள் ஊர் வளவுகளில் வீதிப் படலை ஒன்று, ஒழுங்கைப் படலை ஒன்று, பக்கத்து வளவுக்குப் போகிற சின்னப் படலை ஒன்று இருக்கும். எதனால் வந்தாலும் அதே வளவுதான், ஆனால் வந்ததும் கண்ணில் படுவது வேறு வேறு. யுனிக்ஸில் நேரே உள்நுழைந்து வந்தீர்களா, வரைகலைத் திரையில் முனையத்தைத் திறந்தீர்களா, தூரத்திலிருந்து எஸ்எஸ்எச் வழியாக ஒரு கட்டளையை மட்டும் அனுப்பினீர்களா, நேரம் குறித்த வேலைகளைப் பார்க்கும் கிரோன் ஓட்டியதா, ரூட்டின் அதிகாரத்தைத் தரும் சூடோ ஓட்டியதா? ஒவ்வொன்றிலும் பாத் வேறு இடத்தில் எழுதப்படுகிறது. இதை விளங்கிக்கொண்டவருக்கு இந்த விஷயத்தில் முக்கால்வாசி முடிந்தது.

நான் இந்த வேலையைக் கொழும்பில் சோலாரிஸ் என்ற யுனிக்ஸ் ஓடும் இயந்திரங்களில் பழகினேன். 2002-இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி மீண்டும் திறந்த பிறகு மானிப்பாய்க்குத் திரும்பி, அன்று முதல் இங்கிருந்தே வேலை செய்கிறேன். பட்டியலில் ஓர் அடைவு இருந்தால் போதாது, அது எத்தனையாவதாக இருக்கிறது என்பதும் முக்கியம் என்று கற்றுத் தந்தது சோலாரிஸ்தான். அதில் /யூஎஸ்ஆர்/பின் என்ற அடைவில் ஒரு 'பிஎஸ்', /யூஎஸ்ஆர்/யூசிபி என்ற அடைவில் இன்னொரு 'பிஎஸ்'. முதலாவது யுனிக்ஸின் சிஸ்டம் ஃபைவ் கிளை வழிவந்தது, இரண்டாவது பெர்க்லி கிளை வழிவந்தது. ஓடுகிற செயல்முறைகளைப் பட்டியலிடுவதுதான் இரண்டின் வேலையும், ஆனால் கொடுக்க வேண்டிய தெரிவுகள் வேறு, வெளிவரும் பட்டியலின் பத்திகளும் வேறு. பக்கத்து மேசைக்காரருக்கு ஓடுகிற கட்டளை எனக்குப் பிழை சொல்லும். அவருடைய பாத்தில் யூசிபி முன்னுக்கு இருக்கும், என்னுடையதில் பின்னுக்கு. எழுத்து மாறாமல் ஒரே கட்டளையைத் தட்டிய இருவர் இரண்டு வேறு நிரல்களை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

ஷெல் தேடுகிற முறை இதுதான். கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையைத் தட்டி என்ரர் அழுத்தியதும் பாஷ் என்ற ஷெல் முதலில் அது ஏதாவது மாற்றுப்பெயரா, செயற்கூறா, தனக்குள்ளேயே உள்ள கட்டளையா என்று பார்க்கும். இல்லையென்றால், முன்பு தேடிக் கண்டுபிடித்து ஞாபகத்தில் வைத்திருக்கிறதா என்று பார்க்கும். அதுவும் இல்லாதபோதுதான் பாத்தை இடமிருந்து வலமாகப் பார்க்கத் தொடங்கும். முதலில் அகப்படுகிற, ஓட்டுவதற்கு அனுமதியுள்ள கோப்பு எதுவோ அதுவே ஓடும். பின்னால் இருப்பவை இருந்தும் இல்லாதவைதான். தட்டிய பெயரில் ஒரு சாய்கோடு இருந்துவிட்டால் பட்டியல் பக்கம் திரும்பாது, நேரே அந்த இடத்துக்குப் போகும். ஞாபகத்தில் வைத்திருப்பதும் சில வேளைகளில் தொல்லைதான். ஒரு நிரலை ஓர் அடைவிலிருந்து இன்னோர் அடைவுக்கு மாற்றினால், திறந்திருக்கும் ஷெல் பழைய இடத்தையே போய்த் தட்டும். 'ஹாஷ்' கட்டளையை ஆர் தெரிவோடு கொடுத்தால் அந்த ஞாபகம் அழியும்.

இந்த ஏற்பாடு 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸோடு நிலைபெற்றது. பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லும், சூழல் மாறிகள் என்ற ஏற்பாடும் அந்தப் பதிப்பிலேதான் வந்தன. அதற்கு முன்னர் கென் தொம்சனின் ஷெல் சில நிலையான இடங்களில் மட்டுமே தேடியது. போர்ன் ஷெல்லில் இயல்பாக வந்த பட்டியலில் முதலில் நின்றது, பயனர் அப்போது இருக்கிற அடைவு. அதாவது, நீங்கள் எங்கே நிற்கிறீர்களோ அங்கே முதலில் தேடு, பிறகுதான் /பின். ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள் வேலை செய்த கூடத்தில் அது வசதியாக இருந்திருக்கும். பல்கலைக்கழகங்களுக்கும் கொம்பனிகளுக்கும் யுனிக்ஸ் போனபோது அதுவே பெரிய ஓட்டையாயிற்று. கிராம்ப், மொரிஸ் என்ற இருவர் 1984-இல் பெல் ஆய்வுகூடத்தின் தொழினுட்ப இதழில் யுனிக்ஸ் பாதுகாப்பைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தப் பொறியையும் பேசுகிறது.

பொறி எப்படி வேலை செய்கிறது என்பதை வார இறுதி வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்தே காட்டுவேன். மானிப்பாயில் ஒரு தொழிற்படிப்பைத் தமிழில் சொல்லிக் கொடுப்பது புதிய காரியமில்லை. டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848-இல் இங்கே மருத்துவப் பணியைத் தொடங்கி, 1860-களில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். அவர் பெயரில் நிற்கும் வைத்தியசாலையைக் கடந்துதான் என் பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள். பணிசெயல் முறைமை, அடைவு, மாறி என்ற சொற்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தவைதான். அவை இயந்திரத்துக்குள் என்ன செய்கின்றன என்று காட்டுவது மட்டுமே என் வேலை.

ஒரு பிள்ளையைச் சாதாரணப் பயனராக உள்நுழையச் சொல்வேன். எல்லோரும் எழுதக்கூடிய /டெம்ப் அடைவில் 'எல்எஸ்' என்ற பெயரில் இரண்டு வரி ஸ்கிரிப்ட் எழுதச் சொல்வேன். முதல் வரி, இதை ஓட்டுபவர் யார் என்று ஒரு கோப்பில் குறித்துவைக்கும். இரண்டாவது வரி, உண்மையான /பின்/எல்எஸ்ஸை ஓட்டும். பிறகு இன்னொரு பிள்ளை ரூட்டாக வந்து, பாத்தின் முன்னால் ஒரு புள்ளியைச் சேர்த்துவிட்டு, /டெம்ப்புக்குப் போய் எல்எஸ் தட்டும். திரையில் வழமையான பட்டியல்தான் வரும், ஒரு வித்தியாசமும் தெரியாது. அப்போது அந்தக் கோப்பைத் திறந்து காட்டுவேன். அதில் 'ரூட்' என்று இருக்கும். ஒரு சாதாரணப் பயனர் எழுதிய வரியை ரூட் தன் முழு அதிகாரத்தோடு ஓட்டிவிட்டார். பெயரைக் குறித்த வரிக்குப் பதிலாக அங்கே என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

உடனே ஒருவர் கேட்பார்: "அப்ப புள்ளியைக் கடைசியில போட்டால் சரிதானே சேர்? உண்மையான எல்எஸ்தானே முதல்ல அகப்படும்?" நல்ல கேள்வி. அதற்கும் செய்தே காட்டுவேன். அதே ஸ்கிரிப்டுக்கு 'எஸ்எல்' என்று பெயர் மாற்றி வைத்துவிட்டு, விரைவாகத் தட்டச் சொல்வேன். விரல் தடுமாறி எழுத்து இடம் மாறும் நாள் ஒன்று எல்லோருக்கும் வரும். அந்தப் பெயரில் வேறெங்கும் நிரல் இல்லாதபடியால் தேடல் கடைசிவரை போய்ப் புள்ளியில் விழும். ரூட்டின் பாத்தில் புள்ளிக்கு முன்னாலும் இடமில்லை, பின்னாலும் இடமில்லை. இதில் நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

புள்ளி கண்ணுக்குத் தெரியும், தேடிப் பிடிக்கலாம். தெரியாமல் வருவதுதான் பொல்லாதது. பட்டியலில் இரண்டு முக்காற்புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலோ, வரியின் தொடக்கத்திலோ முடிவிலோ ஒன்று சும்மா நின்றாலோ, அந்த வெற்றிடத்துக்கும் 'இப்போது நிற்கிற அடைவு' என்றே பொருள். பழைய பாத்தோடு முக்காற்புள்ளி போட்டு இன்னொரு மாறியைச் சேர்க்கும் வரிகள் ஸ்கிரிப்டுகளில் ஏராளம். அந்த மாறிக்கு யாரும் மதிப்புக் கொடுக்காவிட்டால் முக்காற்புள்ளி மட்டும் தனியே தொங்கும். நிரல் ஓடும், பிழைச்செய்தி வராது, ஒருவரும் புள்ளி போடவில்லை; ஓட்டை மட்டும் திறந்திருக்கும். ஒப்படைக்கப்படும் சேர்வர்களில் முக்காற்புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது இதற்காகத்தான்.

இனிப் படலைகள். பாஷில் முறையாக உள்நுழைந்தால் முதலில் /ஈடிசி/புரொஃபைல் கோப்பு வாசிக்கப்படும். பிறகு பயனரின் வீட்டு அடைவில் புள்ளி-பாஷ்-புரொஃபைல், புள்ளி-பாஷ்-லொகின், புள்ளி-புரொஃபைல் என்ற மூன்றில் முதலில் இருப்பது எதுவோ அது மட்டும் வாசிக்கப்படும், மற்றவை தொடப்படா. இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஏதோ ஒரு மென்பொருளை நிறுவும்போது அது புதிதாக ஒரு பாஷ்-புரொஃபைலை உண்டாக்கிவிட்டுப் போகும். அன்றிலிருந்து பழைய புரொஃபைலில் கவனமாக எழுதிவைத்த பாத் வரி செத்த வரி. உள்நுழைவு இல்லாமல் முனையம் மட்டும் திறந்தால் பாஷ்-ஆர்சி கோப்பு வாசிக்கப்படும். வேறு குடும்பங்களில் வேறு வழக்கம்: சோலாரிஸில் /ஈடிசி/டிஃபோல்ட்/லொகின், ஃப்ரீபிஎஸ்டியில் /ஈடிசி/லொகின்.கொன்ஃப். பின்னதில் மாற்றம் செய்தபிறகு அதன் தரவுத்தளத்தையும் புதுப்பிக்க வேண்டும். மக் இயந்திரங்களில் /ஈடிசி/பாத்ஸ் என்று இதற்காகவே ஒரு கோப்பு.

கிரோனின் கதை தனி. அது ஓட்டும் வேலைகள் இந்தப் புரொஃபைல்கள் ஒன்றையும் வாசிப்பதில்லை. பெரும்பாலும் /யூஎஸ்ஆர்/பின், /பின் என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஓடும். ஒரு நிறுவனத்தில் தரவுத்தளத்தை இரவுதோறும் பிரதியெடுக்கும் ஸ்கிரிப்ட் இருந்தது. பிரதியெடுக்கும் கருவியை அவர்கள் /ஒப்ட் அடைவில் நிறுவியிருந்தார்கள். எழுதியவர் கையால் ஓட்டிப் பார்த்திருக்கிறார், திருத்தமாக ஓடியிருக்கிறது, கிரோனில் போட்டுவிட்டார். காலையில் பார்த்தால் அன்றைய திகதியோடு ஒரு கோப்பு இருக்கும். ஒவ்வொரு நாளும் இருந்தது. வன்தட்டு பழுதாகி, மீட்பதற்காக என்னை அழைத்தபோது அந்தக் கோப்புகளின் பருமனைப் பார்த்தேன். எல்லாம் பூச்சியம்.

வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பும்போது ஷெல் முதலில் அந்தக் கோப்பைத் திறந்து வெறுமையாக்கி வைக்கும். அதற்குப் பிறகுதான் கட்டளையைத் தேடும். கட்டளை கிடைக்கவில்லை, கோப்பு மட்டும் பிறந்தது. பிழைச்செய்தியைக் கிரோன் ஒழுங்காக ரூட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தது. அந்தப் பெட்டியைத் திறப்பார் இல்லை. பழைய கணினி ஒன்றில் தற்செயலாகக் கிடந்த பிரதியிலிருந்து ஒரு பகுதியை மீட்டோம். மிச்சத்தை அவர்கள் காகிதப் பதிவுகளைப் பார்த்து இரவு பகலாகத் திரும்பத் தட்டினார்கள். அந்த மேசைகளைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. கிரோன் அட்டவணையின் தலையிலேயே பாத்தை ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதாவிட்டாலும், ஸ்கிரிப்டுக்குள் கருவியின் முழுப்பாதையைக் கொடுத்திருக்கலாம்.

2019-இல் டெபியன் லினக்ஸின் 10-ஆம் பதிப்பு வந்தபோது இன்னொரு படலை மாறியது. இன்னொரு பயனராக மாற உதவும் 'எஸ்யூ' கட்டளை வேறொரு தொகுப்பிலிருந்து வரத் தொடங்கியது. சிறுகோடு போடாமல் வெறும் எஸ்யூ தட்டினால் பழைய பயனரின் பாத்தே தொடரும். ரூட் ஆகிவிடுவீர்கள், ஆனால் /யூஎஸ்ஆர்/எஸ்பின் பட்டியலில் இருக்காது. "ரூட்டா வந்தும் யூசர்-அட் இல்லை எண்டுது" என்று எனக்கு வந்த அழைப்புகளுக்கெல்லாம் ஒரே பதில்தான்: எஸ்யூவுக்குப் பின்னால் ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு.

தொலைபேசியில் செய்த வேலைகளில் மறக்க முடியாதது 2022-இல் நடந்தது. மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியால மின்வெட்டு வரை போன காலம். பெற்றோலுக்கு வரிசை, போய் வர வழியில்லை. சங்கானைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தைப் பார்த்துவந்த இளைஞர் அழைத்தார். உபுண்டு இயந்திரம்.

"அண்ணை, ஒண்டும் வேலை செய்யேல்லை. எல்எஸ் கூட இல்லை எண்டுது. பற்றரி இன்னும் கொஞ்ச நேரந்தான் நிக்கும்."

"பதறாதையும். திரையில என்ன இருக்கு எண்டு முழுக்க வாசியும் தம்பி."

வாசித்தார். உபுண்டு நல்ல பிள்ளை. எல்எஸ் இன்ன இடத்தில் இருக்கிறது, அந்த இடம் பாத்தில் இல்லாதபடியால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அதுவே சொல்லியிருந்தது. பதற்றத்தில் அவர் கடைசிச் சொல்லை மட்டும் பார்த்திருக்கிறார்.

"கடைசியா எந்தக் கோப்பில கை வைச்சனீர்?"

"/ஈடிசி/என்வைரன்மென்ட் அண்ணை. புது மென்பொருளின்ர அடைவைப் பழைய பாத்துக்குப் பின்னால சேர்த்தனான்."

விஷயம் விளங்கிவிட்டது. அந்தக் கோப்பு ஷெல் ஸ்கிரிப்ட் இல்லை. உள்நுழைவின்போது பாம் என்ற பகுதி அதை எழுதியபடியே எடுத்துக்கொள்ளும். டொலர் குறி போட்டுப் 'பழைய பாத்' என்று எழுதினால், ஷெல் செய்வதுபோல அதை விரித்துப் பழைய பட்டியலை அங்கே வைக்காது. அந்த டொலர் குறியும் எழுத்துகளும் ஓர் அடைவின் பெயராகவே பட்டியலில் ஏறும். அப்படி ஓர் அடைவு எங்கும் இல்லை. மிஞ்சியது அவருடைய புது அடைவு மட்டும்.

"எக்கோ எண்டு தட்டி, ஓர் இடைவெளி விட்டு, நட்சத்திரக் குறி ஒண்டு போடும்."

"கோப்புப் பேர் எல்லாம் வருது அண்ணை!"

எக்கோ பாஷுக்குள்ளேயே இருக்கிறது, அதற்குப் பாத் வேண்டாம். கோப்புகள் ஒன்றும் அழியவில்லை என்று அவர் கண்ணால் கண்டதும் குரல் மாறியது. பிறகு சரியான பாத்தை அந்த ஷெல்லுக்கு மட்டும் கொடுக்கும் வரியை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். "ஸ்லாஷ், யூ எஸ் ஆர், ஸ்லாஷ், பின், முக்காற்புள்ளி…" எல்எஸ் வந்தது, சூடோ வந்தது. கோப்பைத் திறந்து, டொலர் குறி இருந்த இடத்தில் அடைவுகளின் பெயர்களை முழுமையாக எழுதவைத்தேன். பழைய முனையத்தை மூட வேண்டாம், இன்னொன்றில் உள்நுழைந்து பாரும் என்றேன். உள்நுழைந்தார், எல்லாம் ஓடியது. பற்றரி அணைவதற்குள் இயந்திரத்தையும் முறையாக நிறுத்திவிட்டார்.

என் பொறுப்பில் உள்ள இயந்திரங்களில் எல்லோருக்கும் பொதுவான அடைவை /ஈடிசி/புரொஃபைல்.டி என்ற அடைவுக்குள் ஒரு சிறு கோப்பாக வைக்கிறேன். புரொஃபைலைத் திருத்தினால் அடுத்த பதிப்பேற்றத்தில் மோதும். /ஈடிசி/ஸ்கெல் அடைவில் எழுதினால் இனி வரும் பயனருக்கு மட்டுமே போகும்; ஏற்கெனவே இருப்பவர்களின் வீட்டுக் கோப்புகளை அது தொடாது. இதை அறியாமல் ஸ்கெல்லைத் திருத்திவிட்டு நாள் முழுக்கக் காத்திருப்பவர்கள் உண்டு. சூடோவின் பட்டியலை அதன் சொந்தக் கோப்பில் உள்ள செக்யூர்-பாத் என்ற வரி நிர்ணயிக்கிறது. வசதிக்காக அதை எடுத்துவிடும்படி கேட்பார்கள். நான் எடுப்பதில்லை. பயனர் எங்கே என்ன வைத்திருந்தாலும், ரூட்டின் அதிகாரத்தோடு ஓடுவது ரூட் பராமரிக்கும் அடைவிலிருந்து வரட்டும்.

பயனர் தன் சொந்த அடைவைத் தன் பாத்தின் முன்னால் வைத்துக்கொள்ள விரும்பினால் தடுக்கமாட்டேன். அது அவருடைய உரிமை, பாதிப்பும் அவரோடு நிற்கும். அனகொண்டா என்ற பைதன் தொகுப்பை நிறுவிய பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றைச் சொல்லிவைப்பேன்: இனி பைதன் என்று தட்டினால் ஓடுவது அதனுடைய பைதன், இயந்திரத்தோடு வந்தது அல்ல. 'டைப்' கட்டளையை ஏ தெரிவோடு கொடுத்தால் அந்தப் பெயரில் உள்ள எல்லாவற்றையும் தேடும் வரிசையிலேயே காட்டும். சந்தேகம் வந்தால் வேறு எதையும் தொட முன்னர் அதைத் தட்டச் சொல்லியிருக்கிறேன்.

அண்மையில் ஒரு மாணவி, பள்ளிக்கூடப் பெயர்ப்பட்டியலைத் தமிழ் அகரவரிசையில் அடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினாள். தன் வீட்டு அடைவுக்குள் 'பின்' என்று ஓர் அடைவை உண்டாக்கி அதில் வைத்தாள். கட்டளை இல்லை என்று வந்தது. உபுண்டுவில் இயல்பாக வரும் புரொஃபைல், உள்நுழையும் நேரத்தில் அந்த அடைவு இருந்தால் மட்டுமே பாத்தில் சேர்க்கும். அவள் உள்நுழைந்த பிறகுதானே அதை உண்டாக்கினாள். அந்தக் கோப்பைத் திறந்து, 'இருந்தால்' என்று கேட்கும் வரியை அவளே கண்டுபிடித்தாள். வெளியேறித் திரும்ப வந்ததும் ஓடியது.

"எல்லாருக்கும் குடுக்கலாமா சேர்?" என்று கேட்டாள். /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் வைக்கலாம், உடைமையாளர் ரூட்டாக இருக்க வேண்டும், மற்றவர்களுக்கு வாசிக்கவும் ஓட்டவும் மட்டும் அனுமதி என்றேன். ஏற்கெனவே அந்தப் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று டைப் தட்டிப் பார்த்துவிட்டு, ஸ்கிரிப்டுக்கு வேறு பெயர் யோசிக்கத் தொடங்கினாள்.